கணக்கில் வராத ஐந்து மாதங்கள்

அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்து மீன் ஆலையில் தியோலிந்தா ஃபுர்த்தாடோவின் கத்திக்குத் தனி மரியாதை. அது மீனின் முதுகில் இறங்கினால் முள் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் விழும். அந்தக் கையில் அன்று ஒரு காகிதம் இருந்தது.

காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் அது. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் ஆறு மாதம் முயன்றும் பிள்ளை தரிக்காமல் இருந்தால்தான் சிகிச்சைக்குப் பணம் தருவார்களாம். தியோலிந்தா மூன்று மாதமே முயன்றிருப்பதால் விண்ணப்பம் மறுக்கப்படுகிறதாம்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கருமுட்டைகள் வேகமாகக் குறைந்துவருகின்றன, இனி ஒவ்வொரு மாதமும் ஒரு வருஷத்துக்குச் சமம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவன் நோர்பெர்ட்டோ கடலில் சிப்பி அள்ளும் படகில் போனால் திரும்பப் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகும். அவர்கள் இருவர் சம்பளத்தில் அந்தச் சிகிச்சையைக் கனவிலும் வாங்க முடியாது.

கடிதத்தோடு நேராக மருத்துவமனைக்குப் போனாள். காப்பீட்டு வேலைகளைப் பார்க்கும் திருமதி லிசோட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மூணு மாசம்னு நீங்கதானே சொன்னீங்க? இதோ, முதல் நாள் எழுதினது."

ஆம், அவளேதான் சொன்னாள். அன்று பக்கத்து நாற்காலியில் மாமியார் ஜாசிந்தா உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில், போர்ச்சுகலின் அஸோரஸ் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களில், பிறக்காமல் போன பிள்ளையை யாரும் வாயால் சொல்வதில்லை. ஞானஸ்நானம் இல்லை, பெயர் இல்லை, அதனால் பேச்சும் இல்லை. பதினோராவது வாரத்தில் எல்லாம் முடிந்துபோன இரவு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், ஜாசிந்தா படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, "இந்த வீட்டுல ஒண்ணும் நடக்கல, புரிஞ்சுதா?" என்றாள். அதனால் மருத்துவர் கேட்டபோது, அதற்குப் பிறகு கழிந்த மாதங்களை மட்டும் எண்ணிச் சொன்னாள் தியோலிந்தா.

"அதுக்கு முன்னாடி..." கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் முயற்சி பண்ணினோம். தரிச்சுது. தங்கல."

திருமதி லிசோட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அடக் கடவுளே, இதை ஏம்மா சொல்லல? நம்ம மாநிலச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, தரிச்சு தவறிப்போனா, அதுக்கு முன்னாடி முயற்சி பண்ணின மாசங்களையும் சேர்த்துத்தான் எண்ணணும். அஞ்சும் மூணும் எட்டு!"

"அந்தச் சட்டம் எங்க ஆலைக்கும் பொருந்துமா?"

"உங்க முதலாளி தன் கைப்பணத்துல நடத்துற இன்சூரன்ஸ் திட்டமா இருந்தா பொருந்தாது. உங்களுது வெளிய கம்பெனிகிட்ட வாங்கினது, நான் பார்த்துட்டேன். அவங்க தந்தே ஆகணும். ஆனா நடந்ததை நீங்க எழுதிக் கொடுக்கணும். அன்னைக்கு நீங்க போன ஆஸ்பத்திரியோட காகிதமும் வேணும்."

எழுதுவது! வாயால் சொல்லக்கூடாததை எழுத்தில் கொடுப்பதா? வீட்டில் முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த ஜாசிந்தா விஷயத்தைக் கேட்டதும் கரண்டியை வீசாத குறைதான்.

"நம்ம வீட்டுத் துக்கத்தை எவனோ ஒரு கிளார்க் படிக்கணுமா? மானம் போயிடும்டி!"

"மானத்தைத் தொட்டில்ல போட்டா ஆட்ட முடியும், அத்தை?"

"வாய் நீளுது உனக்கு. இன்னும் மூணு மாசம் பொறுத்துக்கோ. ஆறு மாசம் ஆயிடும், அவங்களே தருவாங்க."

"அந்த மூணு மாசத்தை டாக்டர் மூணு வருஷம்ங்கறார். அதுகூட விடுங்க அத்தை. அந்தக் கடிதம் என்ன சொல்லுது தெரியுமா? என் பிள்ளை வரவே இல்லைங்குது. நீங்களும் அதையேதான் சொன்னீங்க. பதினோரு வாரம் அது என்கிட்ட இருந்துச்சு! அதை இல்லைன்னு சொல்ல இனி யாரையும் விடமாட்டேன்."

ஜாசிந்தா அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தியோலிந்தா மேசையில் உட்கார்ந்து எழுதினாள். கண்ணீர் விழுந்து இரண்டு தாள் வீணானது. மூன்றாவது தாளை முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

மேல்முறையீடு போன இரண்டாவது வாரம், மதிய இடைவேளையில் தியோலிந்தாவின் தொலைபேசி ஒலித்தது. ஆலையின் சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பெண்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், முதல்ல மூணு மாசம்னு சொல்லியிருக்கீங்க. இப்ப எட்டுங்கறீங்க. எதை நம்பறது?" மறுமுனையில் காப்பீட்டு நிறுவனத்து இளைஞன் ஒருவனின் குரல்.

கூட வேலை செய்யும் ஒடீலியா பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள்: "வெளிய போய்ப் பேசுடி, எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும்," என்றாள் தியோலிந்தா. பிறகு தொலைபேசியில், யாருக்காகவும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்: "ஐயா, முதல்ல மறைச்சேன். வெக்கப்பட்டு மறைச்சேன். எனக்கு ஒரு பிள்ளை தவறிப்போச்சு. ஆஸ்பத்திரிக் காகிதம் உங்க கையில இருக்கு, தேதியும் அதுல இருக்கு. அதுக்கு முந்தின அஞ்சு மாசத்தையும் எண்ணச் சொல்லி மாநிலச் சட்டம் சொல்லுது. எண்ணுங்க. நீங்க எண்ணலைன்னா மாநில அலுவலகத்துல வெளியாள் வச்சு மறுபடி பார்க்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அங்கயும் இதையேதான் சொல்வேன், இன்னும் சத்தமா."

ஒடீலியா மூக்கை உறிஞ்சினாள். "அவன் மீனாப் பொறந்து இவ கத்தியில மாட்டியிருந்தா அவன் கதி என்ன ஆயிருக்கும்!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

மேல்முறையீடு அனுப்பிய பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. மறுப்பு ரத்து. சிகிச்சைக்கு அனுமதி.

முதல் சுற்று மருந்து குளிர்பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, மீன் ஆலைக்காரி வீட்டுக்கு வெளியேர்ந்து மீன் வருதா?"

ஜன்னல் திரைக்குப் பின்னால் மாமியாரின் நிழல் அசைந்தது. தியோலிந்தா பெட்டியை மார்போடு அணைத்து நிமிர்ந்து நின்றாள்.

"மீன் இல்லக்கா, ஊசி மருந்து. போன குளிர்காலத்துல எனக்கு ஒரு பிள்ளை தவறிப்போச்சு. இன்னொண்ணு வேணும்னு ஆஸ்பத்திரி போறேன். கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. கேட்டு வாங்கியிருக்கேன்."

பக்கத்து வீட்டுக்காரியின் கையிலிருந்த சட்டை ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. ஜாசிந்தா மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. முறைத்த முகம் முறைத்தபடியே இருந்தது.

"ஊருக்கே பிரசங்கம் பண்ணது போதும்," என்றாள். "உள்ள கொண்டா. ஐஸ் உருகுது. ஃபிரிட்ஜ்ல மேல்தட்டைக் காலி பண்ணி வச்சிருக்கேன்."