ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம்

ஞானதுரைக்கு வேலை காசிமேட்டில், விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்களோடு. மாலையானால் சாத்தாங்காட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு வந்துவிடுவார். அங்கே இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு கார் எஞ்சின் இருந்தது. ஆறு சிலிண்டர்கள், ஒரே வரிசையில்.

அதை அவரும் நண்பர் ஜுபைரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். கன்டெய்னரில் பழைய இரும்போடு வந்த ஜப்பான் எஞ்சின் அது. அதற்கென்று நீள மூக்குள்ள ஒரு பழைய காரின் கூடும் வாங்கினார்கள். இரண்டையும் சேர்த்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டவேண்டும் என்பது பேச்சு. பிறகு ஜுபைருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. முதலில் வாராவாரம் வீடியோவில் வந்து ஒவ்வொரு பாகத்தையும் தூக்கிக் காட்டச் சொன்னார். அப்புறம் குரல் பதிவு வந்தது. அப்புறம் வெறும் கட்டைவிரல் படம்.

ஞானதுரை நிறுத்தவில்லை. சிலிண்டர்களைப் பெரிதாகக் குடைந்து புதிய பிஸ்டன்கள் போட்டார். ஆறும் ஒரே எடைக்கு வரும்வரை அடிப்பக்கத்தைச் சுரண்டினார். மூன்று கார்புரேட்டர்கள் வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தேடி வருவார் யாருமில்லை. திரும்பும் வழியில் டீ கேட்கும்போது குரல் கரகரக்கும். வாய் திறந்து நேரமாகிவிட்டது என்று அப்போதுதான் தெரியும்.

தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த ஜுபைர் தகவல் அனுப்பினார்: மாதவரத்தில் ஒருவர் காரின் கூட்டைக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா? ‘எஞ்சின் ஓடினா வேற பேச்சு. வெள்ளிக்கிழமை வரேன்.’

தொழுகை முடிந்து அத்தர் மணக்க வந்தார்.

“இன்னா மாமு, ஷர்ட்டெல்லாம் இஸ்திரி போட்டுகினு நிக்கிற? பொண்ணு பாக்கவா வந்துகிறேன்?”

“கார்புரேட்டர்கிட்ட நிக்காத. தள்ளி நில்லு.”

சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. கார்புரேட்டர் வழியே ‘டமார்’ என்று நெருப்பு வந்தது. மறுபடியும் டமார். ஞானதுரை சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசையைச் சரிபார்த்தார். ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் நெருப்பு.

“கார் எஞ்சினா, தீபாவளியா?” ஜுபைர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தோளில் கை வைத்தார். “வுடு மாமு. இத்தோட மல்லுகட்டி நீதான் எளைச்சிப் போய்கிற.”

அந்தக் கனிவுதான் ஞானதுரைக்குத் தாங்கவில்லை. மறுநாள் லாரி வந்து காரின் கூட்டை ஏற்றிப் போனது. ஜுபைரும் விமானம் ஏறினார்.

திங்கட்கிழமை ஒரு படகில், “ஒண்ணாம் நம்பர்ல ஆயில் கசியுதுபா” என்றார் டிரைவர் ரகுபதி. ஞானதுரையின் கை தானாக எஞ்சினின் பின்முனையில் சுழலும் ஃப்ளைவீல் பக்கம் போனது. அவர் தொழில் பழகிய இடத்தில் சிலிண்டர்களை அந்த முனையிலிருந்துதான் எண்ணுவார்கள். கை பாதியில் நின்றது.

கார் எஞ்சினில் எண்ணிக்கை எதிர்முனையிலிருந்து. ஸ்பார்க் வரவேண்டிய நேரத்தை, அதாவது டைமிங்கை, வைத்தபோது படகுப் பழக்கத்தில் கடைசி சிலிண்டரை ஒன்றாம் நம்பராக எடுத்திருக்கிறார். ஸ்பார்க் வயர்களோ அளவாக வெட்டி வந்தவை. நீளம் பார்த்து மாட்டியதால் அவை முன்பக்கக் கணக்கில் அமைந்துவிட்டன. எந்த முனையிலிருந்து எண்ணினாலும் வரிசை அதே ஒன்று, ஐந்து, மூன்று. அதனால்தான் எத்தனை முறை பார்த்தும் தப்பு கண்ணில் படவில்லை. ஸ்பார்க் மட்டும் எஞ்சினின் ஒரு முழுச் சுற்று தள்ளி வந்துகொண்டிருந்தது.

கொட்டகைக்குப் போய் வயர்களை அந்த ஒரு சுற்றுக்கு உரிய மூன்று இடம் தள்ளி மாட்டினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆறு வெடிப்புகளும் ஒரே குரலாகிக் கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஜுபைருக்கு போன் போட்டு எஞ்சின் பக்கம் நீட்டினார்.

“டேய்! ஓடுதாடா? இன்னா தப்பு?”

“ஃப்ளைவீல் பக்கத்துலேர்ந்து எண்ணிட்டன்.”

“போட்டு மெக்கானிக்குடா நீ!” ஜுபைர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “கடையில ஆளு கீது மாமு. அப்பால அடிக்கறேன்” என்றார்.

ஞானதுரை எஞ்சினை அணைத்தார். வாசலில் கருவாட்டுக் கூடையோடு தாயம்மா நின்றிருந்தாள்; பின்வீட்டுக்காரி.

“எந்த வண்டிக்கு நைனா இது?”

“வண்டி இல்லக்கா.”

“அப்ப இன்னாத்துக்கு இம்மாஞ் சத்தம்?”

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

“சரி, இன்னொருவாட்டி போடு. கேட்டுட்டுப் போறேன்.”

போட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “நல்லாத்தான் கீது” என்று கத்திச் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஞானதுரை அணைக்கவில்லை. கேனில் இருந்த பெட்ரோல் தீரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.