முன்பக்க பேட்டரியும் ஊசியக்காவின் தோளும்

படகுத் துறையில் ஊசியக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். கிழிந்த பாய் எந்தப் படகுடையது என்றாலும் அவளிடம்தான் வரும். துறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான அறையில், தரை முழுக்கப் பாயை விரித்துப் போட்டு, தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கெட்டித் துணியை வலக்கையால் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும். தோள் இருந்தால்தான் பிழைப்பு. இது அவளுக்கும் தெரியும், வேலை கொடுப்பவர்களுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர்.

அவர் தண்ணீர் வரி அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தண்ணீரோடு அவருக்கிருந்த சம்பந்தம் அவ்வளவுதான். ஓய்வு பெற்ற கையோடு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தலையில் வெள்ளைத் தொப்பி வேறு. துறையில் இருந்தவர்கள் அன்றைக்கே அட்மிரல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது கிண்டல் என்று அவருக்கு மட்டும் உறைக்கவில்லை; கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

விடுமுறை வந்தால் இரண்டு பேரும் கிளம்பிப் போய் எங்காவது ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டுத் தங்குவார்கள். அட்மிரல் பின்னால் நின்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உத்தரவு போடுவார். முன்னால் நின்று நங்கூரத்தை இறக்குவதும் ஏற்றுவதும் ஊசியக்காவின் பாடு. சேறு அப்பிய இரும்புச் சங்கிலியைக் கையால் இழுத்து இழுத்து, ஒருநாள் தலை வாரக்கூட அவளால் கையைத் தூக்க முடியவில்லை. இப்படியே பாரம் இழுத்தால் தையலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டில் அவள் போட்ட சண்டையில்தான் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச் வந்தது.

மாட்டியது அவள் தம்பி. படகுகளுக்கு வயரிங் செய்பவன். காலால் ஒரு பட்டனை மிதித்தால் சங்கிலி தானாக ஏறும். ஆனால் வின்ச் குடிக்கிற கரண்ட் கொஞ்சநஞ்சமல்ல. பேட்டரி இருப்பது படகின் பின்பக்கம், வின்ச் இருப்பது முன்பக்கம். அவ்வளவு தூரம் கரண்ட் குறையாமல் போய்ச் சேர வேண்டுமானால் கட்டைவிரல் பருமனுக்குச் செம்புக் கம்பி இழுக்க வேண்டும். அதற்காகப் பலகைகளைப் பெயர்க்க விடமாட்டேன் என்று அட்மிரல் ஒற்றைக்காலில் நின்றார். சரி என்று தம்பி வின்ச்சுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு பேட்டரியை வைத்து, அதை சார்ஜ் செய்வதற்கு மட்டும் இன்ஜினிலிருந்து ஒரு சாதாரணக் கம்பியைக் கொண்டுவந்தான். இன்ஜின் ஓடினால் அந்த பேட்டரிக்குச் சாப்பாடு, ஓடாவிட்டால் பட்டினி. நங்கூரம் எடுக்கும்போதெல்லாம் முதலில் இன்ஜினைப் போட்டுவிடுங்கள் மாமா, படகு மெல்ல முன்னால் போகும், சங்கிலியும் தளரும் என்று படித்துப் படித்துச் சொன்னான். அட்மிரல் தலையாட்டினார்.

தலையாட்டியதோடு சரி. இன்ஜின் போட்டு நங்கூரம் எடுப்பவன் மாலுமியே அல்ல என்பது அவர் கட்சி. பக்கத்துப் படகுக்காரர்கள் வாயைப் பிளந்து பார்க்க, சத்தமே இல்லாமல் பாயை விரித்துக்கொண்டு கிளம்ப வேண்டுமாம். போகும்போதும் பாய், வரும்போதும் பாய். முன்பக்க பேட்டரி பயணத்துக்குப் பயணம் வற்றிக்கொண்டே வந்தது. வின்ச் பாதியில் முனகி நிற்க ஆரம்பித்தது. மீதிச் சங்கிலி பழையபடி அவள் தோளில்தான் வந்து விழுந்தது.

அவள் சொல்லாமல் இல்லை. சொன்னால், நீ பட்டனை மிதிக்கிற விதம் சரியில்லை என்றார். அதுகூடப் போகட்டும். மச்சான் என் தலையில் ஓட்டை பேட்டரியைக் கட்டிவிட்டான் என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தம்பிக்கு வரவேண்டிய வேலை கைநழுவிப் போனது. அது காதில் விழுந்த அன்று ஊசியக்கா மெஷினில் ஊசிக்கு மேல் ஊசியாக உடைத்தாள்.

அதற்குப் பிறகு போன பயணத்தில், ஒரு காலையில் காற்று திசை மாறிவிட்டது. அதுவரை தள்ளியிருந்த பாறைக்கரை இப்போது படகின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சுற்றிலும் நின்ற படகுகளில் ஆட்கள் மேலே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அட்மிரலுக்கு அது அரங்கு நிறைந்த காட்சி. பாயை ஏற்றிவிட்டு, நங்கூரத்தை எடு என்று கையை ஆட்டினார். முதலில் இன்ஜினைப் போடுங்கள் என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

பட்டனை மிதித்தாள். வின்ச் கொஞ்சம் சுற்றியது, முனகியது, நின்றது. இழு, இழு என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பழக்கதோஷத்தில் குனிந்து இழுத்துவிட்டாள். தோளுக்குள் ஏதோ பிய்ந்துகொண்டது, கண் இருட்டியது. வலியை முந்திக்கொண்டு கோபம் வந்தது. சங்கிலியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு பின்பக்கம் நடந்து வந்தாள்.

“நகருங்க. முன்னாடி போய் நீங்க இழுங்க. ஸ்டியரிங்க நான் பாத்துக்கறேன்.”

“விளையாடற நேரமா இது?”

“என் கை போச்சு. போங்க.”

அவர் பாறையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். முகம்தான் அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும், போனார். சங்கிலி பாதி ஏறிவிட்டதால் நங்கூரம் பிடி தளர்ந்து இழுபட, படகு மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அட்மிரல் இழுத்தார். தொப்பி தண்ணீரில் விழுந்தது. சங்கிலி ஒரு முழம் வந்தது, வந்த முழம் திரும்பப் போனது. ஊசியக்கா பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நல்ல கை இன்ஜின் சாவியின் மேலேயே இருந்தது. எவ்வளவு பொறுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் திரும்பி, பக்கத்துப் படகுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“இன்ஜினப் போடு.”

“கேக்கல.”

“இன்ஜினப் போடுன்னேன்.”

“காத்து அடிக்குது. சத்தமாச் சொல்லுங்க.”

“இன்ஜினப் போடு!”

வளைகுடா முழுக்கக் கேட்டது. பக்கத்துப் படகில் யாரோ சிரித்தார்கள். அவள் சாவியைத் திருப்பினாள். படகு முன்னால் நகர்ந்தது, சங்கிலி தளர்ந்தது. அவர் தளர்ந்ததை வாரிப் போட்டுக்கொண்டே இருக்க, கொஞ்சம் சாப்பாடு கிடைத்த பேட்டரியால் வின்ச்சும் கடைசியில் ஊர்ந்து ஊர்ந்து சுற்றி நங்கூரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

கரையை விட்டு விலகிய பிறகு, தோலுரிந்த உள்ளங்கைகளை விரித்தபடி அவர் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

“இவ்வளவு வலின்னு நீ சொல்லவே இல்லையே.”

அவளுக்கு அந்தக் கைகளைப் பார்த்துக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

“சொன்னேன். நாலு பேர் பாக்காதப்ப சொன்னேன், அதான் உங்க காதுல விழல. நாளைக்குத் துறையில போய், என் தம்பி போட்ட பேட்டரி நல்ல பேட்டரின்னு இதே சத்தத்துல சொல்லுங்க.”

சொன்னார். சொல்லும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். தம்பிக்கு வேலை திரும்ப வந்தது. அவள் தோள் வரவில்லை. பெரிய பாய்களெல்லாம் இப்போது வேறு ஆளிடம் போகின்றன. அவளிடம் வருவது ஒட்டுப் போடுகிற வேலைதான். இன்ஜின் சாவி பாய் தைக்கும் நூலில் கோத்து அவள் கழுத்தில் தொங்குகிறது. நங்கூரம் எடுக்கும் நேரம் வந்தால் அட்மிரல் தானே எழுந்து முன்பக்கம் போகிறார்.