விமானம் பார்க்கும் உத்தியோகம்

கிழக்குக் கடற்கரையில் குண்டு விழுந்த செய்தி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். மேட்டூர் அணையைக் காக்கவென்று எங்கள் ஊர் மலைமேல் ஓர் ஓலைக்கொட்டகை போட்டார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு டெலிபோன், தட்டியில் விமானங்களின் கரிய உருவங்கள் அச்சிட்ட ஒரு படத்தாள். வானத்தில் எது பறந்தாலும் அது நம்முடையதா எதிரியுடையதா என்று பார்த்துக் கீழே சொல்ல வேண்டும். எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று தாலூகா ஆபீஸில் கேட்டபோது, ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்த நான் போய் நின்றேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

எனக்குத் தூரப் பார்வை கிடையாது. இருபதடிக்கு அப்பால் நிற்பவர் முகம், கலங்கிய தண்ணீருக்குள் கிடப்பது போலத்தான் தெரியும். கண்ணாடி போட்டவர்களை எடுக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்வைச் சோதனையில் எனக்கு முன்னால் நின்றவர் எழுத்துகளை உரக்கப் படித்தார். அதை மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பித்துவிட்டேன். என் வயதுக்காரர்கள் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போய்க்கொண்டிருந்த காலம் அது. போக எனக்குப் பயம். போகாமல் இருக்க வெட்கம். இந்த மலை இரண்டுக்கும் நடுவே வாகாகக் கிடைத்தது.

பைனாகுலர் வந்துவிடும் என்று சொன்னார்கள். அதை நம்பித்தான் துணிந்தேன். வரவேயில்லை. இருந்ததெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதாம்.

முதல் வாரம் ஓர் இரைச்சல் கேட்டது. வெளியே ஓடி வந்து அண்ணாந்தேன். வெளுத்த வானத்தில் ஒரு புகைக்கறை மாதிரி ஏதோ நகர்ந்தது. அப்போது பாறைச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, அங்கே எங்கே பாக்கறீங்க? அது இந்தப் பக்கமல்ல போவுது."

அந்த மலையில் ஆடு மேய்க்கிற அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். எதிர்மலையில் நிற்கிற ஆடு தன்னுடையதா அடுத்தவருடையதா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் வந்து படத்தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் விமானத்தின் இறக்கையில் வட்டத்துக்குள் வட்டம்; நடுவில் சிவப்பு. எதிரியுடையதில் சுற்று எதுவும் இல்லாத முழுச்சிவப்பு. படித்தவர்களே குழம்புகிற விஷயம் அது.

"இதுல என்னங்க இருக்குது? வளையம் போட்ட பொட்டு நம்மளுது. வெறும் பொட்டு அவனுது" என்றார்.

அதன்பிறகு அவர் பார்த்தார், நான் எழுதினேன். "தெக்கால இருந்து வாருதுங்க, ஒத்தை, வளையப் பொட்டு" என்பார். நான் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றி அதை இங்கிலீஷில் சொல்வேன். என் அறிக்கைகள் மிகத் துல்லியமாக இருப்பதாக மேலதிகாரிகள் பேசிக்கொண்டார்களாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்துச் சந்தைக்குப் போனார். "உச்சிக்குள்ள வந்துருவனுங்க. அதுக்குள்ள ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வந்தது. கிழக்கேயிருந்து, இதுவரை நான் கேட்டிராத கனத்த சத்தம். தாழ்வாக வந்தது. கண்ணைச் சுருக்கினேன், விரலை வளைத்து ஓட்டை செய்து அதன் வழியாகப் பார்த்தேன். இறக்கையில் ஒரு சிவப்பு மட்டும் தெரிந்தது. சுற்றி வளையம் இருக்கிறதா, இல்லையா? அது நேராக அணை இருக்கிற திக்கில் போய்க்கொண்டிருந்தது. டெலிபோனை எடுத்தேன்.

"யாருடையது?" என்று கேட்டது மறுமுனை.

வாசல் வழியே இன்னொரு முறை எட்டிப் பார்த்தேன்.

"யாருடையது ஐயா? சொல்லுங்கள்!"

"தெரியவில்லை" என்றேன்.

தெரியாத விமானம் எதிரி விமானம் என்பது விதி. அரை நிமிஷத்தில் கீழே அபாயச் சங்கு அலறத் தொடங்கியது. அணையில் அலறியது, பிறகு சந்தைக்குப் பக்கத்திலேயே இருந்த போலீஸ் ஸ்டேஷனிலும் அலறியது. நான் பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தை இருந்த இடம் கலைந்து நான்கு பக்கமும் சிதறுவதுதான். கூச்சல் மலை வரைக்கும் ஏறி வந்தது. விமானம் அணையின் மேலே ஒரு வட்டமடித்துவிட்டு மேற்கே போய்விட்டது. எந்தக் குண்டும் விழவில்லை.

உச்சிவேளை தாண்டியும் அக்கா வரவில்லை.

சாயங்காலம் இராத்திரி முறைக்கு மாற்று ஆள் வந்ததும் ஓட்டமாக இறங்கினேன். தர்மாஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் கிடந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். கிடாய் போன இடம் தெரியவில்லை.

"வளையப் பொட்டுங்க. நல்லாத் தெரிஞ்சுது" என்றார் என்னைப் பார்த்ததும். "நம்மளுதுதான், ஓடாதீங்க, ஓடாதீங்கன்னு கத்துனனுங்க. பொம்பளை சொன்னா எவன் நிக்கறான்? மெதிச்சுட்டுப் போயிட்டாங்க."

"நான்தான் அக்கா சொன்னேன். தெரியலைன்னு சொல்லிட்டேன்."

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டார். "தெரியாததைத் தெரியலைன்னுதானுங்க சொன்னீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நம் தேசத்துக்காரர்தான், காக்கி உடுப்பு, நரைத்த மீசை. என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "நீ விதிப்படிதான் நடந்திருக்கிறாய். நம் விமானம் வருகிற தகவலை எங்கள் ஆட்கள் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். விமானதளத்திலிருந்து இந்த டெலிபோனுக்கு நேர்க்கம்பி இல்லை. தவறு உன்னுடையதல்ல" என்றார். பதிவேட்டில் எனக்கு நற்சான்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

பேசாமல் இருந்தால் போதும். அந்தப் பேனா காகிதத்தைத் தொடுகிற வரைக்கும் பேசாமல்தான் இருந்தேன்.

"ஐயா, எனக்குக் கண் தெரியாது."

அவர் நிமிர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: ஒப்பித்த எழுத்துகள், அக்கா, வளையப் பொட்டு, இத்தனை நாள் போன துல்லியமான அறிக்கைகள். அவர் பேனாவை மூடினார். ஜெயிலுக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த அம்மாளைக் கூப்பிடு" என்றார்.

கையைத் தூளியில் போட்டுக்கொண்டு அக்கா மலையேறி வந்தார். அதிகாரி தொலைவில் ஒரு குன்றைக் காட்டி, அதன்மேல் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"கோயிலுங்க சாமி. வாசல்ல ஒரு ஆளு நிக்கறாரு. தலையில துண்டு."

அவர் தம் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்: "இவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாது ஐயா."

"அப்படியானால் விதிப்படி இவளை வைத்துக்கொள்ள முடியாது. கண் தெரியாத உன்னை வைத்துக்கொள்ள முடிந்தது." அவர் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொட்டகையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். மூலையில் கிடந்த காலி மண்பானையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இங்கே தண்ணீர் கொண்டுவர ஆள் உண்டா?"

"இல்லை ஐயா."

அன்றைக்கே என்னை வேலையிலிருந்து நீக்கி எழுதினார். அடுத்த வரியில் அக்காவைத் தண்ணீர் சுமக்கும் ஆளாகச் சேர்த்துக்கொண்டார். விமானச் சத்தம் கேட்டால் தண்ணீர்க்காரியைக் கேட்காமல் டெலிபோனைத் தொடக்கூடாது என்று என் இடத்துக்கு வந்த குமாஸ்தாவுக்கு வாய்மொழியாக உத்தரவு போட்டார். அதைக் காகிதத்தில் எழுதவில்லை.

நான் சேலம் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். யுத்தம் முடிகிறவரை அந்த மலையிலிருந்து பொய்ச்சங்கு மறுபடி ஊதவில்லை. கொட்டகையைப் பிரித்தபோது குமாஸ்தாவுக்கு நற்சான்றுப் பத்திரம் கொடுத்தார்கள். அக்கா டெலிபோன் கம்பியில் மிச்சமான ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஆட்டுப்பட்டியின் வாசல் படலைக் கட்டிக்கொண்டார். கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டோடு அவர் அதை முறுக்கக் கஷ்டப்பட்டார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.