வல்லை வெளியில் நின்ற பிக்கப்

போன வருடம் பங்குனி மாதம், உச்சி வெயிலில், வல்லை வெளியில் நடந்தது இது. யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடிப் பக்கம் போய்வருபவர்களுக்கு அந்த வெளி தெரியும். மரமும் இல்லை, வீடும் இல்லை, காற்று மட்டும்தான். அங்கே வாகனம் நின்றால் கேட்க நாதியில்லை.

பெரியாஸ்பத்திரியில் அப்பாவுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அப்பா எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "என்னை வீட்டை கொண்டு போங்கோ." நெல்லியடியிலுள்ள தன் வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்க, மூச்சு அடங்கவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான். அதைக்கூடச் செய்து கொடுக்காத பிள்ளைகள் என்ன பிள்ளைகள்?

அண்ணன் தன்னுடைய பிக்கப்பில்தான் கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் வேண்டாமென்றேன். அந்தப் பழைய வாகனம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா? வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது நன்றாக ஓடும். கொஞ்சத் தூரம் போனதும் இழுவை விழுந்துவிடும். அக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் ஊர்ந்து ஊர்ந்து போய் நிற்கும். ஓரமாக விட்டுக் காத்திருந்தால், ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும். கராஜுக்குக் கொண்டுபோனாலோ நல்ல பிள்ளை! ஒருவர் ஃபில்டரை மாற்றினார், ஒருவர் இன்ஜெக்டரைக் கழுவினார், இன்னொருவர் பம்பையே கழற்றிப் பூட்டினார். அம்மா தன் பங்குக்கு எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டிவிட்டார். அண்ணனுக்கு மூக்குக்கு மேலே கோபம். வாகனத்தைத் தொட்டவர், பார்த்தவர் எல்லோருக்கும் ஏச்சு. நெல்லியடியில் ஒரு கராஜ்காரர் கடைசியாகப் பார்த்து, இனிப் பிரச்சினை இராது என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அப்பாவைப் பின் சீற்றில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

அச்சுவேலி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. வெளிக்குள் இறங்கியதும் எஞ்சின் முனகத் தொடங்கியது. அண்ணன் மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வந்து, நடுவெளியில் நின்றது. அப்பாவின் மூச்சு அப்போதே விட்டு விட்டுத்தான் வந்தது.

அண்ணன் இறங்கி பொனற்றைத் திறந்தார். கராஜ்காரரின் பரம்பரையையே இழுத்து ஏசிக்கொண்டு எதையெதையோ பிடுங்கினார், பூட்டினார். வந்த வாகனங்களை மறித்தும் பார்த்தார். ஒரு ஓட்டோக்காரர் நின்றார். ஆனால் அப்பாவை நிமிர்த்தி இருத்த முடியாது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கவலையோடு போனார்.

அப்போதுதான் அப்பா என் கையை இழுத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பிள்ளை, டாங்கிக்குள்ளை ஒரு சீலைத்துண்டு கிடக்கு. டீசல் வடிச்சு ஊத்தேக்கை நழுவிப் போட்டுது. அதுதான் வந்து அடைக்குது போலை."

எனக்கு விளங்கிவிட்டது. சண்டைக் காலத்தில் பரல் எண்ணெயைச் சீலையில் வடித்து வடித்து ஊற்றிப் பழகிய கை அது. பிறகு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பழையபடி பிளாஸ்டிக் கானில் டீசல் வாங்கி வைக்கத் தொடங்கினார். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அவர் விடவில்லை. எந்த டீசலையும் புனலில் பழைய வேட்டித் துண்டு போட்டு வடிக்காமல் ஊற்றமாட்டார்.

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கொண்ணை ஏசுவான். இப்பவும் சொல்லிப்போடாதை, பிள்ளை."

சாகக் கிடக்கிற மனிதன், அண்ணன் நின்ற பக்கம் கண்ணைக் காட்டி அதைச் சொல்லிவிட்டு, என் கையை விடவேயில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். டாங்கியை அந்த வெளியில் எப்படிக் கழற்றுவது? கொஞ்ச நேரம் எஞ்சினைத் தொடாமல் விடச்சொல்லி அண்ணனைக் கெஞ்சினேன். எஞ்சின் டீசலை இழுக்காமல் நின்றால் சீலை தானாக விலகும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "நீ பேசாமல் இரு" என்று என்மேல் பாய்ந்தார். பிறகு களைத்துப்போய் வீதியோரம் குந்தினார். மறுபடி ஸ்ராட் செய்தபோது எஞ்சின் பிடித்தது. வல்லைப் பாலத்துக்குக் கிட்டப் போகையில் திரும்பவும் இழுவை விழுந்தது. அங்கே, என் மடியில், அப்பா போய்விட்டார்.

மறுபடி ஓடிய பிக்கப்பில் வீடு வந்து சேர்ந்தபோது, அம்மா முன்னறையில் கட்டிலில் பாய் விரித்து வைத்துவிட்டு வாசலில் நின்றார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் இருவரும் அப்பாவைத் தூக்கி இறக்கினோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அண்ணன் கொக்குவிலில் வேறொரு கராஜில் டாங்கியைக் கழற்றுவித்தார். அடியிலிருந்து சீலைத்துண்டு வந்தது. நெல்லியடிக் கராஜ்காரர் கை துடைத்துவிட்டுப் போட்ட துண்டு என்றே அண்ணன் முடிவு கட்டிவிட்டார். கராஜ்காரரிடம் போவதற்கு முன்பே வாகனம் படுத்தியதை அண்ணன் நினைத்துப் பார்க்கவில்லை. அவனால்தான் அப்பா நடுத்தெருவில் செத்தார், இன்றைக்கு அவனை இரண்டில் ஒன்று பார்க்காமல் விடமாட்டேன் என்று கத்திக்கொண்டு வெளிக்கிட்டவரை, வாசல் படலையை மறித்து நின்று நான் தடுத்தேன். ஒரு பாவமும் அறியாத மனிதன் அடிவாங்குவதைப் பார்த்திருக்க முடியுமா? அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அன்று மீறினேன். நடந்ததைச் சொன்னேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பயந்தோ?"

"ஓம், அண்ணை."

அவர் அப்படியே படலையடியில் இருந்துவிட்டார். அம்மா வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை.

இப்போது அண்ணன் யாரையும் ஏசுவதில்லை. போன கிழமை அவருடைய மகள் புதுக் கைபேசியைக் கிணற்றுக்குள் விழுத்திவிட்டு நேரே வந்து சொன்னாள். பரவாயில்லை என்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. சீலைத்துண்டு ஒன்று விழுந்துவிட்டது என்று பெற்ற மகனுக்குச் சொல்லப் பயந்த மனிதன், அந்தப் பயத்தோடேயே வீட்டை அடையாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த இந்தப் பொறுமையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.