தெற்கே தலை

வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஆராய்ச்சிக்குப் போயிருக்கும் மகள், வீடியோவில் காம்பஸைக் காட்டினாள். முள் தலைகுப்புறக் கீழே குத்தி நின்றது; தட்டினால் கண்டபடி திரும்பியது.

"வடக்கே தெரியலைப்பா. தலையை எந்தப் பக்கம் வெச்சுப் படுக்கறது?"

கிழக்கேகோட்டையில் நாங்கள் புதிதாகக் குடியேறிய வீட்டில் என் அப்பாவும் யாரையும் வடக்கே தலைவைக்க விடமாட்டார். பெயின்ட் வாசனையோடு புது இரும்புக் கட்டில் வந்தபோது, அதன்மேலேயே காம்பஸை வைத்துத் திசை பார்த்தார். கட்டிலின் இரும்பு முள்ளை இழுத்தது அவருக்குத் தெரியவில்லை. மழைக்காலம் முழுக்க அவர் போட்டபடியே படுத்தோம்.

மழை விட்டு ஜன்னலைத் திறந்ததும் அம்மா கத்தினாள். "கோயில் கோபுரம் மேக்கேன்னா இருக்கு? படுத்தா அது வலது கைப்பக்கம்னா வரது! நாம வடக்கேன்னா தலை வெச்சுண்டிருக்கோம்!"

அப்பா அசரவில்லை. "யாருக்காவது தூக்கம் கெட்டுதோ?"

அதையே மகளிடம் கேட்டேன்.

"இல்லைப்பா, நன்னாத் தூங்கறேன்."

"அப்போ தெக்கேதான் வெச்சுண்டிருக்கே!"