காசிம் பாய் செருகிய கேபிள்

மலேசியாவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே காசிம் பாயின் சாப்பாட்டுக் கடை. யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கு, இரண்டு கட்டடங்களின் நெட்வொர்க்கை வைஃபையாலேயே ஒன்றாக இணைக்கும் வசதியை எழுதிக்கொண்டிருந்தேன். சோதிக்கத் தன் கடையைக் கொடுத்தார் பாய். எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு இணையம் கொண்டுபோன பழைய கேபிளைக் கடைப் பக்கம் பிடுங்கிவிட்டேன். பல வாரம் ஒரு தடங்கலும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

சுதந்திர தினக் காலை. கடை நிறைய ஆட்கள் இணையத்தில் அணிவகுப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது படம் அப்படியே நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், பழைய கேபிள் மறுபடியும் செருகப்பட்டிருந்தது.

"நான்தான் குத்தினேன், தங்கச்சி. ரெண்டு வழியா வந்தா இன்னும் ஸ்ட்ராங்கா வரும்ல?"

வராது. ஒரே தகவல் கேபிளில் போய் வைஃபையில் திரும்பி, சுற்றிச் சுற்றியே வழியை அடைத்துவிட்டது. கேபிளைப் பிடுங்கினேன். கடையே கைதட்டியது. எனக்குத்தான் உறைத்தது: பாய் செய்ததை யாரும் செய்வார்கள், என் நிரல்தான் தாங்கியிருக்க வேண்டும்.

அப்படிச் சுற்று உண்டானால் ஒரு வழியைத் தானே மூடும்படி திருத்தினேன். பாயையே மறுபடி கேபிளைக் குத்தச் சொன்னேன். படம் நிற்கவில்லை. நிரலை அந்த இயங்குதளக் குழுவுக்கு அனுப்பும்போது 'சோதித்தவர்' என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன்.

"இவருடைய மின்னஞ்சல்?" என்று கேட்டார் எங்கோ இருந்த சரிபார்ப்பவர்.

"கிடையாது. கடைக்கு வந்தால் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ கிடைக்கும்" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இன்றும் எதை எழுதினாலும், பாய் இதில் எதைக் குத்துவார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.