சூரை மீனின் மேல் போட்ட பழி

செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று இருபது. அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். குழாயைப் பூட்டக் கை நீட்டியபோது நெஞ்சு தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. காது அடைத்தது. முகத்தில் சூடு ஏறி, உடனே குளிர்ந்து வியர்த்தது. கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். மகளுக்கு யார் சொல்வார்கள் என்று அடுத்ததாக நினைத்தேன்.

மகள் அதற்கு முந்திய ஞாயிறுதான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள். நாட்டின் தென்கோடியில் இடம் கிடைத்திருந்தது. கணவருக்குக் கத்தாரில் வேலை. வீட்டில் நான் மட்டும்.

அன்று என் சாப்பாட்டில் சூரை மீன் குழம்பு. பக்கத்து மேசை நிஸ்மியா என்னைக் கதிரையில் இருத்தினாள். பழுதாகத் தொடங்கிய சூரை உடம்புக்கு ஏறும், நெஞ்சு படபடக்கும் என்பது இந்தத் துறைமுக ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வாமைக் குளிசை (மாத்திரை) ஒன்று தந்தாள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்தது, படபடப்பும் போனது. குளிசை வேலை செய்துவிட்டது என்று நம்பினோம். விட்டிருந்தால் அது தானாகவே தணிந்திருக்கும் என்று அப்போது தெரியாது.

"சூரையை இனி வாங்காதையும்" என்றார் கணவர் தொலைபேசியில். வாங்கவில்லை. அடுத்த முறை இறால் சமைத்த நாளில் வந்தது. இறாலை விட்டேன். பிறகு நண்டு, கணவாய், கடைசியில் கருவாடு.

"அக்கா, திருகோணமலையில இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் பருப்பும் கீரையும். ஆச்சிரமம் ஏதும் திறக்கப் போறீங்களோ?" என்று நிஸ்மியா கேட்டாள். நானும் சிரித்தேன். பயத்தைச் சொல்லவில்லை.

மகளுக்கும் சொல்லவில்லை. என்னைத் தனியே விட்டுப் போகத் தயங்கியவள் அவள். அம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ என்று கேள்விப்பட்டால் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அதனால் அவளோடு கதைக்கும்போதெல்லாம் குரலைச் சரிசெய்துகொண்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். மற்றப் பொழுதுகளில் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணினேன். எண்ண எண்ண அது வேகமானது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மீன் சட்டி முன்பும் அடுப்பில் ஏறாது; இப்போது எந்த நாளும் ஏறுவதில்லை. அப்படி ஒரு வெள்ளி பின்னேரம், நான் அழைக்க, மகளின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. குசினியில் (சமையலறையில்) நின்றபடியே மூச்சு முட்டியது. உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல இருந்தது. விரல்கள் விறைத்து உள்ளே மடங்கிக்கொண்டன. படலைக் (வெளிவாசல் கதவு) கொளுக்கியைத் திறக்க முடியவில்லை. தெருவால் போன ஓட்டோக்காரர் கண்டு, தானே திறந்து ஏற்றிப்போனார். வழி முழுதும் எனக்கு ஒரே யோசனை: இன்றைக்கு மீனே இல்லையே.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி (இதயத் துடிப்பைத் தாளில் பதியும் பரிசோதனை) எடுத்தார்கள். இரத்தமும் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் அழுதேன். நோய் இல்லையென்றால் இவ்வளவு நாளும் நான் நடித்தேனா?

"நடிப்பில்லை அம்மா," என்றார் அந்த இளம் பெண் வைத்தியர். "உங்கட உடம்பு உண்மையாத்தான் இப்பிடிச் செய்யுது. பதகளிப்புத் தாக்கம், பானிக் அட்டாக் எண்டு சொல்லுறது."

ஆபத்து வந்துவிட்டது என்று உடம்பு தவறாக எண்ணி, ஓடுவதற்கு ஆயத்தமாகிறதாம். வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு (நாம் வெளிவிடும் வாயு) குறைந்து, விரல்கள் விறைக்கின்றனவாம். நான் மீன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "மீனை விடுங்கோ. ஒவ்வொரு முறையும் அதுக்குக் கொஞ்சம் முதல் என்ன செய்தனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மகளை அழைத்திருந்தேன். அவள் எடுக்கவில்லை. அந்த முதல் செவ்வாயும் அப்படித்தான்.

இதை வாசிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதன்முறை நெஞ்சு அடைத்தால் அதைப் பதகளிப்பு என்று நீங்களாகவே தீர்மானித்துவிடாதீர்கள். உடனே போய் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். நான் மீன் என்று தீர்மானித்ததும் இதே மாதிரியான பிழைதான்.

எனக்கு இப்போதும் வருகிறது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழகிவருகிறேன். மனநல ஆலோசகர் ஒருவரிடமும் போகிறேன். முன்பு அந்தச் சில நிமிடங்கள் மிச்ச வாழ்நாளையே விழுங்கிவிடும். இப்போது அவை சில நிமிடங்களாகவே இருக்கின்றன. உடம்பு பயப்படுகிறது, ஆனால் அது சொல்வதெல்லாம் செய்தி அல்ல என்று தெரிகிறது. சில நாட்களில் தெரிவதில்லை.

வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஒரு வியாழன் மாலை மகளுக்குச் சொன்னேன். அவள், பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியப் படலையடியில் ஒரு சின்னப் பையோடு நின்றாள். அவளை உள்ளே கூப்பிடவும் மறந்து, படிப்பை விடக் கூடாது என்று நான் தொடங்கினேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்குப் பின்னேரம் போயிடுவன் அம்மா. திரும்பிப் போற டிக்கெட்டும் எடுத்துக்கொண்டுதான் வந்தனான். அதுக்கிடையில எனக்கு எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லுங்கோ."